ரிவர்சைடு கிளப்பின் பொதுக்குழு

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. நந்தனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரைக்கும், உள்ளே போகாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. கத்தக்கூடத் தேவையில்லை.

மாடியில் ரிவர்சைடு ஸ்போர்ட்டிங் கிளப்பின் பொதுக்குழு. ஏதோ டிவியில் வருகிற கிளப் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடுகிற ஃபுட்பால் டீம். அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்த பையன்கள் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. மஞ்சள் சட்டை, கறுப்பு டிராயர். தேனாம்பேட்டைச் சந்து ஒன்றில் ஒற்றை அறை ஆபீஸ். மழை பெய்தால் ஜெயித்த கோப்பைகளைத்தான் ஒழுகுகிற இடத்தில் வைப்பார்கள்.

நான் ஷோயப். அதே தேனாம்பேட்டையில் கார் சீட் கவர் தைக்கிற கடை எனக்கு. வயது நாற்பத்தாறு. அதில் முப்பது வருஷம் இந்த டீமுக்காகத் தொண்டை கிழிந்திருக்கிறேன். மேட்ச் நாளில் கமிட்டிக்காரர்கள் ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எதிர்ப்பக்கம் வெயிலில், சிமெண்டுப் படியில் நாங்கள். அதனால் எங்களுக்குப் படிக்கட்டுக் கோஷ்டி என்று பெயர். முதல் பாதியில் ரெஃபரியைத் திட்டுவோம். இரண்டாம் பாதியில் கமிட்டியைத் திட்டுவோம். ஜெயித்தாலும் திட்டுவோம். அது எங்கள் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோஷ்டிக்குத் தலைவன் என்று யாரும் இல்லை. ஆனால் கோதண்டபாணி டிரம்மைத் தொடாவிட்டால் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். அவன் பெயிண்டர். என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். ஆற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு, ஆளுக்கொரு சாவியைக் கையில் கொடுத்து, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறமும் அவன் ஒரு மேட்ச் தவறவிட்டதில்லை. இரண்டு பஸ் மாறி, டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு வருவான். டிரம்முக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி ஒரு கண்டக்டர் தகராறு செய்ததை வாரம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பான்.

ஆவணி மாதம் ஒரு நாள் அவன் சிரிக்காமல் என் கடைக்குள் வந்தான். நான் ஒரு வேன் சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஷோயப்பு, நான் மெம்பரே இல்லியாமே?" என்றான்.

"யார் சொன்னது?"

"ஆபீஸ் கதவுல ஒட்டிக்கீறானுங்கோ. அறுவத்தியோரு பேரு. முன்யம்மா பேருகூட கீது."

கத்தரியை வைத்துவிட்டு ஓடினேன். உண்மைதான். விதி பதினொன்றின்படி, கிளப் ஆபீஸிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பவர்கள் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள் என்று போட்டு, கீழே செயலாளர் மதிவாணனின் கையெழுத்து. ஏற்கெனவே தபாலில் தகவல் அனுப்பியதாகவும் போட்டிருந்தது. அனுப்பியது வாஸ்தவம்தான். எந்த விலாசத்துக்குத் தெரியுமா? ஆற்றங்கரை விலாசத்துக்கு. இடித்துத் தரைமட்டமாக்கிய வீட்டுக்குத் தபால் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. பொதுக்குழு நோட்டீஸ் வந்தது. எங்கள் தலைவர் தனபாலன் ஒரு பில்டர். அவருக்குத் தெரிந்த கம்பெனி ஒன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஃபுட்பால் அகாடமி நடத்துகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோச்சிங். அவர்களுக்கு லீக்கில் ஓர் இடம் வேண்டும். ரிவர்சைடின் இடத்தை அப்படியே அவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். பெயர் மாறும், சட்டை நிறம் மாறும், மைதானம் மாறும். ஆபீஸில் இருக்கும் கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் காப்பாற்றுவார்களாம்.

எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தோம் என்று சொன்னால் அது பொய். புதன்கிழமை சாயங்காலம் கடையில் கூடியபோதே பெரிய சண்டை.

"தனபாலன் வர்றதுக்கு முன்னாடி பசங்க கிழிஞ்ச ஷூல ஆடினாங்க பாய்," என்றான் ஷரீஃப். அவன் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் செய்கிறவன், எதையும் நிறுத்துப் பார்ப்பவன். "இன்னும் ரெண்டு சீசன்ல டீமே இருக்காது. இருக்கிற வரைக்கும் யாராச்சும் நடத்தட்டுமே. நாம படியில உக்காந்து கத்தறதால கோல் விழுதா?"

"மைதானம் அங்க போனா எனக்குத்தான் கிட்ட," என்றான் கோதண்டபாணி. "நடந்தே பூடலாம். ஆனா அது எவன் டீமு? கேட்ல நிக்கிறவன் நீ யாருன்னு கேப்பான். நான் இன்னா சொல்றது?"

 

வழி கண்டுபிடித்தது முனியம்மாள். அவளுக்கு அடையாறில் இஸ்திரி வண்டி. பெரும்பாக்கத்துக்குப் போன பிறகும் தினமும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து அதே தெருவில் அதே வேப்பமரத்தடியில் நிற்பவள். அவள் அண்ணன் ரிவர்சைடுக்குக் கோல்கீப்பராக இருந்தவர். அவர் போன பிறகு அவருடைய இடத்தில் இவள் மெம்பரானாள். ரெஃபரிகள் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயப்படுவார்கள்.

"கூட்டம் நடக்க எத்தினி பேரு வோணும்?" என்று கேட்டாள்.

விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். பட்டியலில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு. அறுபத்தொரு பேரை எடுத்த பிறகு மீதி நூற்று ஐம்பத்து மூன்று. ஆக, ஐம்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டால்தான் கோரம். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் ஒரு மாதம் தள்ளிப்போகும். அந்த ஒரு மாதம் எங்களுக்குப் போதும். நீக்கியது செல்லாது என்று பதிவாளர் ஆபீஸில் நாங்கள் கொடுத்திருந்த மனு அதற்குள் விசாரணைக்கு வந்துவிடும்.

"அவனுங்க கைல எத்தினி பேரு கீறாங்கோ?"

விரல் விட்டுக் கணக்குப் போட்டோம். கமிட்டி ஆட்கள், அவர்களுடைய மச்சான் மாமன் எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம். பட்டியலில் எங்கள் பக்கம் முப்பத்து நான்கு பேர். மீதியில் பாதிப் பேர் துபாயில் இருந்தார்கள், மீதிப் பேர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அப்ப நீங்கோ முப்பத்திநாலு பேரும் உள்ள போவாதீங்கோ. எங்களோட வெளியவே நில்லுங்கோ. அவ்ளோதான்," என்றாள் முனியம்மாள்.

எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஷரீஃப்கூட, "எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஆனா வாக்குன்னா வாக்கு," என்று கை கொடுத்தான்.

அன்று இரவு சாப்பாட்டின்போது என் மனைவி ஃபிர்தௌஸிடம் திட்டத்தைச் சொன்னேன். "சும்மா நிக்கணுமா? நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்ப வாய வீட்லயே வச்சிட்டுப் போங்க." எனக்குக் கோபம் வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கோதண்டபாணியிடமும் சொல்லவில்லை. விதி பதினொன்றை எழுதியது நான்.

எழுதியது ஊருக்கே தெரியும், நான் சொல்லாதது அது இல்லை. தனபாலன் தலைவராக வந்த புதிதில், கட்டட வேலை செய்யும் ஆட்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி வந்து மெம்பராக்கப் பார்த்தார். எண்பது பேர். ரிவர்சைடு என்பது டீமா ஓட்டலா என்றே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பஸ்ஸைத் தடுக்கத்தான் ஐந்து கிலோமீட்டர் விதியை எழுதினேன். பொதுக்குழுவில் அதை முன்மொழிந்தது மதிவாணன். அன்றைக்கு அவன் எங்கள் ஆள். ரிவர்சைடின் பழைய கேப்டன், லெஃப்ட் விங்கில் அவன் ஓடினால் எதிர் டீம் டிஃபெண்டர் மூச்சு வாங்குவான். கமிட்டியில் நம் ஆள் ஒருவன் இருக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு அவனைச் செயலாளராக்கியவர்கள் நாங்கள்தான். விதி பாஸானபோது கோதண்டபாணி ஹாலுக்குள்ளேயே டிரம் அடித்தான்.

ரகசியம் அதற்கு முந்தின நாள் நடந்தது. மதிவாணன் என் கடைக்கு வந்து, நான் எழுதியதைப் படித்துவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தான். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் வீடு மாறினாலும் நீக்கப்பட மாட்டார்கள் என்று.

"ஆத்தோரம் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க ஷோயப். அவங்கள வேற எங்கயாச்சும் தூக்கிட்டுப் போனா?" என்றான்.

"இருபது வருஷமா ஒட்டறான். எவன் போனான்?" என்றேன். "ஒரு ஓட்டை விட்டா போதும், தனபாலன் அதுக்குள்ள பஸ்ஸையே ஓட்டிடுவான்."

அவன் கண் எதிரிலேயே அந்த வரியை அடித்தேன். கோதண்டபாணி குடும்பத்தை நான் அந்த நிமிஷம் நினைக்கவில்லை. தனபாலனை மட்டும்தான் நினைத்தேன். எனக்கு ஒருவன் மேல் கோபம் வந்துவிட்டால் மற்றவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் மண்டப வாசலில் சேர்ந்துவிட்டோம். பெரும்பாக்கத்திலிருந்து அறுபத்தொரு பேரில் நாற்பதுக்கு மேல் வந்திருந்தார்கள். பலர் கிளப் சட்டையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்கள், முனியம்மாள் கைவேலை. அவள் காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, இஸ்திரிப் பெட்டியில் போடும் கரித்துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு கோடு போட்டாள். எங்கள் கிளப்பில் ரொம்ப நாள் பழக்கம் ஒன்று உண்டு. ஹால் வாசலில் ரெஜிஸ்டர் இருக்கும். கையெழுத்துப் போடாமல் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. போட்டால் காபி டோக்கன் கொடுப்பார்கள். ஆகவே படியேறினால் அது ஒரு கையெழுத்து. சந்தேகமே இல்லை.

பத்து மணிக்கு முப்பத்தெட்டுக் கோடு. தனபாலன் காரில் வந்து இறங்கி எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்தேகாலுக்கு நாற்பத்தேழு. அப்புறம் ஒரு ஆட்டோவில் மூன்று வயசானவர்கள் வந்து ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஐம்பது.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

மாடி ஜன்னலில் அடிக்கடி தலைகள் தெரிந்தன. போனில் யார் யாரையோ கூப்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்தது. நான் நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்த்தேன். பத்து இருபது. பத்து இருபத்திரண்டு. கோல் அடித்து முன்னணியில் இருக்கும்போது கடைசி நிமிஷங்கள் எப்படி நகரும் என்று மேட்ச் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அப்போது மதிவாணன் படியிறங்கி வந்தான்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை. நேராக என்னிடம் வந்தான். "ஷோயப், இது சரியில்ல. எதிர்க்கணும்னா உள்ள வந்து எதிர்த்து ஓட்டுப் போடு. வெளிய நின்னு கூட்டத்தக் கெடுக்கறது ஆம்பளத்தனமா?"

நான் பதில் பேசவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

"அறுவத்தியோரு பேர எடுத்துட்டு எங்க ஓட்டு, எங்க கூட்டம்?" என்று கேட்டான் கோதண்டபாணி. "நீ எங்கூட்ல வந்து கஞ்சி குடிச்சவன் தானே மதி? எம்பேர அடிக்க உனக்குக் கை எப்டி வந்துச்சு?"

மதிவாணன் முகம் சுருங்கிப்போனது. அவனுக்கும் வலித்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலித்ததும் அவன் என்னைத்தான் பார்த்தான்.

"உன் பேர அடிச்சது நான் இல்ல, கோதண்டம். உன் கூட்டாளியக் கேளு. பழைய மெம்பர்ங்கள எடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே நான் ஒரு வரி எழுதினேன். இவன் கடையில, இவன் கையால அடிச்சான். ஆத்தோரத்துக்காரங்களுக்கு ஆபத்து வரும்டான்னு சொன்னேன். எவன் போனான்னு கேட்டான். இல்லன்னு சொல்லச் சொல்லு பாக்கலாம்."

அண்ணா சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.  கோதண்டபாணி மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"நெஜமா ஷோயப்பு?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபத்துக்குக் கோபம் கொடுக்க எனக்குத் தெரியும். அவன் கோபமாகக் கேட்கவில்லை. நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டுமே என்று பயந்து கேட்டான். நாற்பது பேர் மஞ்சள் சட்டையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்கம் என்று அப்போது புரியவில்லை. மதிவாணன் மேல் ஆத்திரம் என்றுதான் நினைத்தேன்.

"ஆமா, அடிச்சேன்!" என்று கத்தினேன். "நான் அடிச்சது தப்பு. அதையே சாக்கா வச்சு இவங்கள வெளிய தள்ளினது யாரு? அந்த விதிய நானே எடுக்கச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். எழுதிக்குவியா?"

"வா," என்றான் மதிவாணன். "உள்ள வந்து சொல்லு. முதல் அயிட்டமா எடுத்துக்கறேன். சத்தியமா."

நான் படியைப் பார்த்து நடந்தேன். ஷரீஃப் என் கையைப் பிடித்தான், உதறினேன். பின்னாலிருந்து முனியம்மாள் கத்தினாள்.

"ஷோயப்பு, அம்பதுடா! போவாத! அம்பதுதான் ஆயிகீது!"

அது என் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது. ஐம்பதோடு ஒன்றைக் கூட்ட எனக்குத் தெரியாதா? ஆனாலும் கால் நிற்கவில்லை. கோதண்டபாணியின் முகத்துக்கு எதிரில் இன்னொரு நிமிஷம் நிற்க என்னால் ஆகவில்லை. உள்ளே போய் மைக் பிடித்து நாலு வார்த்தை பேசிவிட்டால் நான் மறுபடி நல்லவனாகிவிடுவேன் என்று தோன்றியது. இதை நான் இவ்வளவு தெளிவாக அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்துச் சொல்கிறேன்.

மாடியில் டைனிங் ஹால். முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு ஆபீஸ் கிளார்க் உட்கார்ந்திருந்தார். பேனாவை வாங்கி, வழக்கம்போல் முழுப் பெயரையும் எழுதி, கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு காபி டோக்கனை நீட்டினார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

மதிவாணன் என் பின்னால் வந்து ரெஜிஸ்டரைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து இருபத்தாறு.

"கோரம் இருக்கு. கூட்டத்த ஆரம்பிக்கலாம்," என்றான்.

சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷம்தான் தலையில் ஏறியது. திரும்பி ரெஜிஸ்டரை இழுத்தேன். "என் கையெழுத்த அடிச்சிடறேன். நான் வரல. நான் போறேன்."

கிளார்க் ரெஜிஸ்டரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "போட்டது போட்டதுதான் பாய். நீங்க போனாலும் கணக்குல இருப்பீங்க," என்றார். அவர் கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

மதிவாணன் சத்தியத்தைக் காப்பாற்றினான். முதலில் என்னைத்தான் பேசக் கூப்பிட்டான். மைக்கைப் பிடித்தேன். விதி பதினொன்றில் நான் செய்த தப்பைச் சொன்னேன். ஆற்றங்கரை ஆட்கள் இல்லாமல் ரிவர்சைடு என்று ஒரு பெயரே கிடையாது என்றேன்.  அந்த மூன்று வயசானவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன், என்ன பிரயோஜனம்?

தனபாலன் எழுந்தார். "பாய் சொல்றது நியாயமான விஷயம். ஆனா விதிய மாத்தணும்னா இருபத்தோரு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். அதனால அவரோட கருத்த மினிட்ஸ்ல பதிவு பண்ணிக்குவோம்," என்றார். பதிவு செய்தார்கள். இரண்டாவதாகக் கம்பெனித் தீர்மானம். ஐம்பது கைகள் தூக்கப்பட்டன. கண்ணைத் துடைத்த பெரியவரும் தூக்கினார். எதிர்ப்பவர்கள் என்றபோது ஒரு கை. கைத்தட்டல் ரொம்ப நேரம் கேட்டது. எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

படியிறங்கி வந்தபோது எல்லாரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். முனியம்மாள் சுவருக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் கரிபட்ட விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். ஷரீஃப், டீமைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னவன், வெயிலில் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவனைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பாஸாயிடுச்சு," என்றேன்.

கைத்தட்டலிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.  என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முப்பது வருஷம் ஊரில் உள்ளவர்களையெல்லாம் சேர்ந்து திட்டியிருக்கிறோம். எனக்கென்று ஒரு வார்த்தை அவர்களிடம் இல்லை.

கோதண்டபாணிதான் கடைசியில் கேட்டான். "பேசுனியா?"

"பேசினேன்."

"எழுதிக்கினானுங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

அவன் தலையாட்டினான். பிறகு, "முன்யம்மா அம்பதுன்னு கத்திச்சே. கேட்டுச்சா உனக்கு?" என்றான்.

பஸ் ஹார்ன் சத்தத்தில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். நம்பத் தயாராகத்தான் நின்றான். ஆனால் காலையிலிருந்து ஒரு நல்ல காரியமாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"கேட்டுச்சு," என்றேன்.

அவன் அருகில் வந்து, கசங்கிப்போயிருந்த என் சட்டைக் காலரை ஒரு விரலால் சரி செய்தான்.

"எனக்காவப் போனேன்னு மட்டும் சொல்லிடாத நைனா," என்றான்.

நான் அதைத்தான் சொல்ல இருந்தேன்.  அவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். பெரும்பாக்கம் பக்கம் போகிற பஸ் வர வெகு நேரமாயிற்று. அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.